எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கேள்விதானா? வினாத்தாளில் பாரபட்சத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். வினாத்தாள் தயாரிக்கும் பள்ளி ஆசிரியர்கள் சிலர் சனிக்கிழமைகளில் வந்து உட்காருவார்கள். உசிலம்பட்டி, வாடிப்பட்டி, மேலூர் பக்கத்துப் பள்ளிகளில் வேலை பார்ப்பவர்கள் அதிகம். ஒரு கேள்வி சில பிள்ளைகளுக்கு மட்டும் அநியாயமாக அமைந்துவிட்டதா என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியுமா? பேச்சு பெரும்பாலும் இதில்தான் ஆரம்பிக்கும். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

பாரபட்சமான கேள்வி என்றால் கஷ்டமான கேள்விதானே?

இல்லை. கஷ்டமான கேள்வி எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தால் அதில் அநியாயம் எதுவும் இல்லை. பாடத்தை ஒரே அளவுக்குத் தெரிந்துவைத்திருக்கும் இரண்டு பிள்ளைகளில், பாடத்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் ஒருவருக்கு மட்டும் கேள்வி தடுக்கினால் அதுதான் பாரபட்சம்.

எனக்கு இது புரிந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஆறாம் வகுப்பில் முழுக்கள், அதாவது 0க்குக் கீழேயும் போகும் எண்கள், பாடத்துக்கு நானே ஒரு கேள்வி எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு லிஃப்ட் தரைத்தளத்திலிருந்து 3 தளம் மேலே போகிறது, பிறகு 5 தளம் கீழே இறங்குகிறது, இப்போது எந்தத் தளத்தில் நிற்கிறது? விடை −2. உசிலம்பட்டிக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்துப் பள்ளியில் ஒரு பிள்ளையிடம் இதை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். விரல் வைத்துப் படித்தாள். "5 தளம் கீழே" என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. "சார், தரைக்குக் கீழ எப்படி சார் வீடு இருக்கும்?" என்றாள். பக்கத்திலேயே 3 − 5 என்று எழுதிக் கொடுத்தேன். யோசிக்காமல் −2 என்று சொன்னாள். அவளுக்குக் கணக்கு தெரியும், லிஃப்டும் அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்கும்தான் தெரியாது. நான் சோதிக்க நினைத்தது கணக்கை. என் கேள்வி சோதித்தது அவள் எந்தக் கட்டடங்களுக்குள் போயிருக்கிறாள் என்பதை.

டவுன் பிள்ளைகளில் 60 சதவீதமும் கிராமத்துப் பிள்ளைகளில் 40 சதவீதமும் சரியாகப் போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் அந்தக் கேள்வி பாரபட்சமானதுதானே?

நாம் எல்லோரும் முதலில் விழுகிற குழி இதுதான். இந்த இரண்டு சதவீதத்தை மட்டும் வைத்துக்கொண்டு எதுவுமே சொல்ல முடியாது.

எண்களோடு பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். டவுனில் 300 பேர், கிராமத்தில் 300 பேர் தேர்வு எழுதுகிறார்கள். மொத்த மார்க்கை வைத்து எல்லோரையும் கீழ், நடு, மேல் என்று மூன்று படியாகப் பிரிக்கிறோம். டவுனில் கீழ்ப்படியில் 50 பேர், நடுவில் 100, மேலே 150. கிராமத்தில் அது தலைகீழ்: கீழே 150, நடுவில் 100, மேலே 50. வாத்தியார் இல்லாத பள்ளி, டியூஷன் இல்லாத ஊர் என்று இதற்குக் காரணங்கள் பல.

இப்போது ஒரு கேள்வி. கீழ்ப்படியில் இருப்பவர் எந்த ஊராக இருந்தாலும் 20 சதவீதம் பேர் சரியாகப் போடுகிறார்கள். நடுப்படியில் 50 சதவீதம், மேல்படியில் 80 சதவீதம். டவுனில் 10, 50, 120 என்று கூட்டினால் 180 பேர், அதாவது 60 சதவீதம். கிராமத்தில் 30, 50, 40 சேர்ந்து 120 பேர், 40 சதவீதம். மொத்தத்தில் 20 புள்ளி இடைவெளி விழுகிறது. ஆனால் சமமான மார்க் எடுத்த இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் எள்ளளவு வித்தியாசமும் இல்லை. கேள்வி நல்ல கேள்விதான். அது காட்டுவது பள்ளிக்கூடங்களுக்கு இடையில் இருக்கிற இடைவெளியை. அந்த இடைவெளி பெரிய அநியாயம்தான், ஆனால் அதைக் கேள்வியைத் தூக்கி எறிந்து சரிசெய்ய முடியாது.

சரி, அப்படியானால் சதவீதம் சமமாக இருந்தால் பயமில்லை அல்லவா?

அதுவும் கிடையாது. இன்னொரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்: "ஒரு கவுளி வெற்றிலை 80 ரூபாய். 25 வெற்றிலை என்ன விலை?" சோழவந்தான் பக்கம் கொடிக்காலில் வளர்ந்த பிள்ளைக்குக் கவுளி என்றால் 100 வெற்றிலை என்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கே.கே. நகர் அபார்ட்மெண்ட் பிள்ளைக்கு அந்த வார்த்தையே புதுசு.

அதே 600 பேர். கிராமத்தில் கீழ்ப்படியில் 40 சதவீதம், நடுவில் 50, மேலே 80 என்று சரியாகப் போடுகிறார்கள் என்று வைப்போம். எண்ணிக்கையில் 60, 50, 40. கூட்டினால் 150. டவுனில் கீழ்ப்படியில் 20 சதவீதம், நடுவில் 35, மேலே 70. எண்ணிக்கையில் 10, 35, 105. அதுவும் 150. இரண்டு பக்கமும் சரிபாதி, 50 சதவீதம். மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிட நியாயமான கேள்வி இல்லை. ஆனால் ஒவ்வொரு படியிலும் டவுன் பிள்ளை பின்தங்குகிறான்: கீழே 20 புள்ளி, நடுவில் 15, மேலே 10. பாரபட்சம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

இந்த இரண்டு கேள்விகளையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டும்போதுதான் வந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். சமமானவர்களைச் சமமானவர்களோடு ஒப்பிட வேண்டும், இந்தத் துறையில் பாதி விஷயம் இதிலேயே வந்துவிட்டது. பாரபட்சம் கிராமத்துக்கு எதிராக மட்டும்தான் வரும் என்று நினைத்துக்கொண்டு தேடவும் கூடாது.

மூன்று படியிலும் வந்த வித்தியாசத்தை ஒரே எண்ணாக எப்படிச் சொல்வது?

அதற்குத்தான் மான்டெல்–ஹேன்செல் முறை. நாதன் மான்டெல், வில்லியம் ஹேன்செல் இருவரும் 1959ல் இதை வெளியிட்டார்கள். தேர்வுக்காக அல்ல, நோய் ஆராய்ச்சிக்காக. ஒரு பழக்கத்துக்கும் ஒரு நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கும்போது, வயது போன்ற வேறு விஷயம் குறுக்கே வந்து குழப்பும். அதனால் ஒரே வயதுக்காரர்களை ஒரே படியில் வைத்து ஒப்பிட்டு, கடைசியில் எல்லாப் படியையும் சேர்ப்பார்கள். 1980களில் அமெரிக்காவின் எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸில் வேலை பார்த்த பால் ஹாலந்தும் டோரத்தி தாயரும் இதைத் தேர்வுக்குக் கொண்டுவந்தார்கள். வயது இருந்த இடத்தில் மொத்த மார்க், நோய் இருந்த இடத்தில் தவறான விடை.

கணக்கு ஒன்றும் மலை இல்லை. ஒவ்வொரு படியிலும் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள்: கிராமம் சரி, கிராமம் தவறு, டவுன் சரி, டவுன் தவறு. கவுளிக் கேள்வியின் கீழ்ப்படியில் அது 60, 90, 10, 40. இப்போது கிராமம் சரியை டவுன் தவறால் பெருக்கி, அந்தப் படியில் இருக்கும் 200 பேரால் வகுங்கள்: 60 × 40 ÷ 200 = 12. கிராமம் தவறை டவுன் சரியால் பெருக்கி அதேபோல் வகுங்கள்: 90 × 10 ÷ 200 = 4.5. நடுப்படியில் இவை 16.25, 8.75. மேல்படியில் 9, 5.25. முதல் வகையைக் கூட்டினால் 37.25, இரண்டாம் வகையைக் கூட்டினால் 18.5. ஒன்றை ஒன்றால் வகுத்தால் ஏறக்குறைய 2.01.

இதற்கு அர்த்தம்: சம மார்க் எடுத்தவர்களுக்குள், ஒருவர் தவறாகப் போடுவதற்கு எத்தனை பேர் சரியாகப் போடுகிறார்கள் என்று பார்த்தால், கிராமத்துப் பக்கம் அது டவுனைவிட இரண்டு மடங்கு. பாரபட்சமே இல்லாத கேள்விக்கு இந்த எண் 1 வரும். முதலில் பார்த்த 60–40 கேள்விக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக 1 வரும்.

2 என்பது பெரிசா, சிறிசா? எங்கே கோடு போடுவது?

ஹாலந்தும் தாயரும் வேலை பார்த்த அந்தத் தேர்வு நிறுவனத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள், உலகம் முழுக்கப் பலரும் அதையே பின்பற்றுகிறார்கள். கிடைத்த எண்ணின் இயல் மடக்கையை எடுத்து −2.35 ஆல் பெருக்குவார்கள். கேள்வியின் கடினத்தை அளக்க அவர்கள் வைத்திருக்கும் அளவுகோலுக்கு மாற்றத்தான் இந்த 2.35. குறி எதுவானாலும் அளவு 1க்குக் கீழே இருந்தாலோ, 0விலிருந்து விலகியது தற்செயலாக இருக்கலாம் என்றாலோ ஏ வகை. அது கவலைப்பட வேண்டாத கேள்வி. அளவு 1.5 அல்லது அதற்கு மேல் இருந்து, 1ஐவிடப் பெரியது என்பதும் புள்ளியியல்படி உறுதியானால் சி வகை. இரண்டுக்கும் நடுவில் பி.

நம் கவுளிக் கேள்விக்கு −1.65 வருகிறது. உடனே சி என்று எழுதிவிடத் தோன்றும். பொறுங்கள். வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனையில் 11.7 வருகிறது, 3.84ஐத் தாண்டினாலே போதும் என்பதால் வித்தியாசம் இருப்பது உறுதி. ஆனால் அளவு 1ஐவிடப் பெரியது என்று உறுதியாகச் சொல்ல இந்த 600 பேர் பற்றவில்லை. அதனால் இது பி வகையில்தான் நிற்கும். அதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. லட்சக்கணக்கான பேர் எழுதும் தேர்வில் கடுகளவு வித்தியாசம்கூட "உறுதி" என்று வந்துவிடும். அளவு, உறுதி இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது இதனால்தான்.

மொத்த மார்க்கிலேயே பாரபட்சமான கேள்விகளின் மார்க்கும் கலந்திருக்கிறதே? கோணல் அளவுகோலை வைத்துக் கோணலை அளப்பதுபோல் இல்லையா?

கூர்மையான சந்தேகம். இதற்குப் பாதிப் பதில்தான் உண்டு. முதல் சுற்றில் எல்லாக் கேள்விகளையும் வைத்துப் படி பிரிப்பார்கள். சந்தேகத்தில் மாட்டிய கேள்விகளின் மார்க்கைக் கழித்துவிட்டு, மிச்சம் உள்ளதை வைத்து மறுபடி படி பிரித்து இன்னொரு சுற்று ஓட்டுவார்கள். சோதனையில் இருக்கும் கேள்வியின் மார்க்கை மட்டும் மொத்தத்தில் சேர்த்தே வைப்பார்கள். 50 கேள்வியில் நாலைந்து கோணலாக இருந்தால் இது போதும்.

மிச்சப் பாதிக்குப் பதில் இல்லை, அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தாள் முழுவதுமே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் இந்த முறையால் அதைப் பார்க்க முடியாது. ஐம்பது கேள்வியும் வீட்டில் யாரும் பேசாத தமிழில் எழுதப்பட்டிருந்தால், ஐம்பதும் ஒன்றுபோலச் சாய்ந்திருக்கும், ஒப்பிட நிமிர்ந்த கேள்வி ஒன்றுகூட இருக்காது. இந்தக் கணக்கு கேள்விகளை ஒன்றோடொன்று ஒப்பிடுகிறது. "எந்தக் கேள்வியும் மாட்டவில்லை, ஆகவே தேர்வு நியாயமானது" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வேறு முறைகள் இருக்கின்றனவா?

நிறைய. முக்கியமானதைச் சொல்கிறேன். சில கேள்விகள் கீழ்ப்படியில் ஒரு குழுவுக்கும் மேல்படியில் எதிர்க் குழுவுக்கும் சாதகமாக இருக்கும். மான்டெல்–ஹேன்செல்லில் கூட்டும்போது இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு எண் 1க்குப் பக்கத்தில் வந்துவிடும். அதைப் பிடிக்க 1990ல் ஹரிஹரன் சுவாமிநாதனும் ஜேன் ரோஜர்ஸும் சரியாகப் போடும் வாய்ப்பைச் சமன்பாட்டால் கணிக்கும் லாஜிஸ்டிக் ரிக்ரெஷனைப் பயன்படுத்தும் வழியைக் காட்டினார்கள். மார்க், குழு, இரண்டின் பெருக்கல் என்று மூன்றையும் சமன்பாட்டில் போட்டு, பெருக்கல் பகுதி வேலை செய்கிறதா என்று பார்ப்பது. திறமை கூடக் கூட ஒரு வினாவைச் சரியாகப் போடும் வாய்ப்பு எப்படி ஏறுகிறது என்று எஸ் வடிவ வளைகோடு வரைந்து, இரு குழுவின் கோடுகளுக்கு நடுவே உள்ள பரப்பை அளக்கும் முறையும் உண்டு. அதற்கு ஆட்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும். பள்ளி அளவில் முதலிரண்டும் போதும். ஆர் மென்பொருளில் டிஃப்ஆர் என்ற இலவசத் தொகுப்பு இவை எல்லாவற்றையும் செய்துவிடும்.

இடைவெளி பெரிதாக உள்ள கேள்விகளை எடுத்துவிடு என்று ஒரு சட்டம் போட்டால் போதாதா?

போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் உரிமத் தேர்வு கறுப்பினத்தவருக்கு எதிராக இருக்கிறது என்று கோல்டன் ரூல் என்ற காப்பீட்டு நிறுவனம் 1976ல் வழக்குப் போட்டது. 1984ல் சமரசம் ஆனது. கறுப்பினத்தவர், வெள்ளையர் என்ற இரு குழுவிலும் 40 சதவீதத்துக்குக் குறையாமல் சரியாகப் போட்டு, இடைவெளியும் 15 புள்ளிக்குள் இருக்கிற கேள்விகளைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம். மூன்று வருஷத்தில், அந்தச் சமரசத்துக்கு ஒத்துக்கொண்டது தவறு என்று அந்தத் தேர்வைத் தயாரித்த அதே எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸின் தலைவர் கிரிகரி ஆன்ரிக்கே சொன்னார்.

ஏன் தவறு என்பது உங்களுக்கு இப்போது தெரியும். அந்த விதியை நம் இரண்டு கேள்விகளுக்கும் போட்டுப் பாருங்கள். 60–40 என்று விழுந்த நல்ல கேள்வி ஒதுக்கப்படும். 50–50 என்று விழுந்த கவுளிக் கேள்வி முதல் வரிசையில் உட்காரும். வழக்குப் போட்டவர்களின் ஆதங்கம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன், அளவுகோல்தான் தப்பாகப் போனது.

2018 நீட் தமிழ் வினாத்தாள் விவகாரத்தில் இந்தக் கணக்கு உதவியிருக்குமா?

மதுரைக்காரர்கள் கேட்காமல் விடமாட்டார்கள், தீர்ப்பு இங்கே ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளையில் வந்ததாயிற்றே. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: தமிழ் வினாத்தாளில் 180 கேள்விகளில் 49ல் மொழிபெயர்ப்புப் பிழை இருந்ததாக வழக்கு. தமிழில் எழுதியவர்களுக்குக் கேள்விக்கு 4 வீதம் 196 கருணை மதிப்பெண் கொடுக்கச் சொல்லி 2018 ஜூலை 10ல் மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதே மாதம் தடை விதித்து, நவம்பரில் உத்தரவை ரத்தும் செய்தது.

மொழிபெயர்ப்புப் பிழை என்பது இந்த முறைகள் பிடிப்பதற்கென்றே வந்து நிற்கிற இனம். பிழை இல்லாத 131 கேள்விகளின் மார்க்கை வைத்து எல்லோரையும் படி பிரித்திருக்கலாம். ஒரே படியில் இருக்கும் தமிழ்வழி மாணவரும் ஆங்கிலவழி மாணவரும் அந்த 49ல் ஒவ்வொன்றையும் எப்படிப் போட்டார்கள் என்று பார்த்திருக்கலாம். பிழை இருந்தும் யாரையும் பாதிக்காத கேள்வி எது, பிள்ளைகளைக் கவிழ்த்த கேள்வி எது என்று பிரிந்திருக்கும். தவறான விடைக்கு 1 மார்க் குறையும் தேர்வு அது. அதனால் தவறாகப் போட்டவர்களையும் பயந்து விட்டுவிட்டவர்களையும் தனித்தனியாக எண்ண வேண்டியிருக்கும். வினாத்தாளில் ஆங்கில வடிவமும் பக்கத்திலேயே இருந்தது என்று எதிர்ப்பக்கம் சொன்னார்கள். அதைப் பார்த்துப் பிள்ளைகள் தப்பித்தார்களா இல்லையா என்பதையும் இதே கணக்கு காட்டியிருக்கும். மார்க் கொடுப்பதா வேண்டாமா என்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் 49ஐயும் ஒரே மூட்டையாகக் கட்டி, எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று வாதாட வேண்டிய நிலைமை வந்திருக்காது. ஒன்று மட்டும் விடாமல் சொல்வேன்: இந்தச் சோதனை தேர்வு வாரியம் ரிசல்ட் போடுவதற்கு முன்னாலேயே செய்ய வேண்டியது. ரிசல்ட்டுக்கு அப்புறம் பிள்ளைகளைக் கோர்ட் வாசலில் நிறுத்தக் கூடாது.

கணக்கில் மாட்டிய கேள்வியை அப்படியே நீக்கிவிடலாமா?

கூடாது. இந்தக் கணக்கு சுளகு மாதிரி. புடைத்தால் சந்தேகப்பட்டதெல்லாம் ஒரு ஓரத்துக்கு வந்து சேரும். அதில் எது கல், எது உடைந்த அரிசி என்று கண்ணால் பார்த்து விரலால்தான் பொறுக்க வேண்டும்.

பாசனம் பற்றிய பாடத்தில் வைகைக் கால்வாய்க் கேள்வியை விவசாய வீட்டுப் பிள்ளைகள் நன்றாகப் போடுகிறார்கள் என்றால், பாசனம்தான் பாடம், அது தெரிந்ததால் போடுகிறார்கள். கேள்வி இருக்கட்டும். கவுளிக் கேள்வியில் சோதிப்பது விகிதக் கணக்கு, கவுளி என்ற வார்த்தை அங்கே விருந்தாளிகூட இல்லை. "100 வெற்றிலை கொண்ட ஒரு கவுளி" என்று நாலு வார்த்தை சேர்த்தால் தீர்ந்தது. ஊர் வாசனையும் போகாது.

காரணம் பல சமயம் நாம் நினைத்த இடத்தில் இருக்காது. அதனால் ஆராய உட்காரும் குழுவில் அந்தப் பாடம் நடத்துகிறவரும் வேண்டும், பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் ஊரைத் தெரிந்தவரும் வேண்டும்.

எந்தெந்தக் குழுக்களை ஒப்பிடுவது?

ஆண், பெண். தமிழ் வழி, ஆங்கில வழி. டவுன், கிராமம். இவை குறைந்தபட்சம். கிரிக்கெட் ரன் ரேட்டை வைத்து வரும் சராசரிக் கணக்கைப் பெண் பிள்ளைகள் பக்கமிருந்து ஒருமுறை சோதித்துப் பாருங்கள். ஆனால் தரவைக் கையில் வைத்துக்கொண்டு இஷ்டத்துக்கு இருபது விதமாகப் பிரித்துப் பார்க்காதீர்கள். தற்செயலாகவே ஒன்றிரண்டு மாட்டும். யாரை ஏன் ஒப்பிடுகிறோம் என்பதை முதலிலேயே எழுதிவைத்துவிடுங்கள்.

என் வகுப்பில் 38 பேர்தான். எனக்கு இது எதற்கு?

38 பேரை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள், பொய்தான் சொல்லும். சின்னக் குழுவிலேயே குறைந்தது 200 பேராவது இருந்தால் நல்லது. ஒரே தாளை எழுதிய பத்துப் பதினைந்து பள்ளிகள் சேர்ந்தால் அந்த எண் வந்துவிடும்.

38 பேரோடு செய்யக்கூடியது வேறு. நாலைந்து பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, கேள்வியை வாய்விட்டுப் படித்து, மனசில் ஓடுவதைச் சொல்லிக்கொண்டே போடச் சொல்லுங்கள். நீங்கள் குறுக்கே பேசாமல், எந்த வார்த்தையில் நிற்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் கேள்வியின் குறை எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அதற்கப்புறம் அதைக் கிணற்றுப் படிகளை வைத்து மாற்றி எழுதினேன். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே போட்டாள். அதே கேள்வியை மதுரைக்குள் ஒரு பள்ளியில் கொடுத்தபோது ஒரு பையன், கிணற்றுக்குள் எதற்குப் படி என்று கேட்டான். இப்போது தரைமட்டம் 0 என்று எழுதி, மேலும் கீழும் கோடு போட்ட ஒரு படத்தைச் சேர்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் நிற்காமல் போடுகிறார்கள்.

இதற்கெல்லாம் இப்போதே எதைச் சேர்த்துவைக்க வேண்டும்?

கேள்விவாரியாக மார்க். இதுதான் பெரும்பாலான பள்ளிகளில் இல்லாதது. மொத்த மார்க்கை மட்டும் பதிவேட்டில் ஏற்றிவிட்டு விடைத்தாளைக் கட்டி எடைக்குப் போட்டுவிடுகிறோம், அதோடு எல்லாத் தடயமும் போய்விடுகிறது. அடுத்த ரிவிஷன் தேர்வில் ஒரு மார்க் கேள்விகளுக்கு மட்டுமாவது எக்செல்லில் ஒரு பிள்ளைக்கு ஒரு வரிசை, ஒரு கேள்விக்கு ஒரு பத்தி என்று போடுங்கள். சரி என்றால் 1, தவறு என்றால் 0, எழுதாமல் விட்டிருந்தால் காலியாக விடாமல் 9. பெயர் வேண்டாம், வரிசை எண் போதும். பக்கத்தில் ஆண் அல்லது பெண், எந்த வழிக் கல்வி, எந்தப் பள்ளி. நாற்பது விடைத்தாளுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகலாம். கொண்டுவாருங்கள், சனிக்கிழமை சேர்ந்து உட்கார்ந்து போடுவோம்.